கோட்டும் தொப்பியும் போட்ட ஊர்வலம்: திருகோணமலையில் ஒரு பிரேம் படத்தின் நிகழ்வு ஆய்வு

பழைய படங்களைத் துப்பரவாக்கி ஸ்கேன் பண்ணிக் கொடுக்கும் என் தொழிலில் பாதி நேரம் படத்தோடு வரும் கதையைக் கேட்பதிலேயே போய்விடும். கதை படத்துக்குப் பொருந்தினால் வேலை சுலபம். இங்கே எழுதப்போகும் படத்தில் கதையும் உண்மை, படமும் உண்மை. ஆனால் வீட்டார் சொன்ன ஆண்டு படம் எடுத்த ஆண்டல்ல, அதற்குப் பிரேம் போட்ட காலத்தை ஒட்டியது. இந்த வித்தியாசம் பிடிபடாமல் ஒரு மலரில் பிழையான படக்குறிப்பு அச்சாகப் பார்த்தது.

படம் இருந்தது உப்புவெளிப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு. ஊரில் எல்லாருக்கும் அவர் ரீச்சர்தான். அவருடைய தகப்பனார் வெள்ளைக்காரன் காலத்தில் டொக்யாட்டில், அதாவது கடற்படைக் கப்பல் திருத்தும் தளத்தில், இயந்திரம் பொருத்தும் பிற்றராக வேலை பார்த்தவர். அந்தப் பகுதிச் சனசமூக நிலையம் துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு மலர் போடுவதாக இருந்தது. ரீச்சரின் பேரன் அதற்காகப் படத்தைக் கழற்றி, துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். "அண்ணை, கொஞ்சம் வெளிச்சமாக்கித் தந்தால் போதும்" என்றார். குறிப்பை ஏற்கனவே எழுதி வைத்திருந்தார்: "1957: வேலை இழந்த டொக்யாட் தொழிலாளர்கள் திருகோணமலையில் நடத்திய ஊர்வலம்."

அந்தக் குறிப்பில் அவருக்கு இருந்த பிடிப்பு எனக்கு விளங்கியது. 2017இல் கிழக்கு மாகாணத்தில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வெயிலில் குந்தியிருந்தார்களே, அந்தக் கூட்டத்தில் அவரும் ஒருவர். தன் பூட்டனும் இப்படி வீதியில் இறங்கியவர் என்பதற்குக் கையில் ஒரு சாட்சி இருந்தால் யார்தான் விடுவார்கள்?

வந்த நிலை

தேக்கு மரப் பிரேம், பொலிஷ் கருத்துப் போயிருந்தது. கண்ணாடியின் உட்பக்கம் பூஞ்சணம் வெள்ளை வெள்ளையாய்ப் படர்ந்திருந்தது. படம் முழுக்கத் தேயிலைச் சாய நிறம். கீழ் வலது மூலையில் உள்ளங்கை அளவு இடம் கண்ணாடியோடு ஒட்டி, ஈரமானது போல மினுங்கியது. மேல் இடது பக்கம் பெரிய மஞ்சள் கறை. ஊர்வலத்தின் முன்னே பிடித்திருந்த பதாகை அந்தக் கறைக்குள் மறைந்துபோயிருந்தது.

எங்கள் ஊரில் இது வழமையான வருத்தம். ஒக்ரோபர் தொடங்கித் தை மாதம் வரை வடகீழ்ப் பருவ மழை, மீதி மாதங்களில் உப்புக் காற்று. பிரேமை வெளிச்சுவரில் ஒட்டி மாட்டினால் சுவரின் ஈரம் பின்பலகை வழியாகத் தாளுக்கு ஏறும். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் இடைவெளி இல்லாவிட்டால் அந்த ஈரம் போக வழியில்லாமல் தாளைக் கண்ணாடியோடு ஒட்டிவிடும்.

படத்தில் தெரிந்தது இவ்வளவுதான்: நாலு பேர் நாலு பேராக வரும் ஆண்கள், எல்லார் தலையிலும் தட்டைத் தொப்பி, தடித்த கோட்டு. சிலரின் தோளில் ஏதோ விரிப்பு. நனைந்த வீதி. ஓரத்தில் இலையில்லாத வேலி. தொப்பியின் நிழலும் கறையும் முகங்களை மூடியிருந்தன. விறாந்தையில் ஆள் உயரத்துக்கு மேலே, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்ததை யாரும் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. கோட்டைப் பற்றிக் கேட்டதும் பேரன் தயாராகப் பதில் வைத்திருந்தார்: "வெள்ளைக்காரன் காலம்தானே அண்ணை, போட்டிருப்பினம்." மார்கழி மழையில்கூட எங்கள் ஊரில் கம்பளிக் கோட்டோடு வீதியில் நடக்க ஒருவனுக்குக் காய்ச்சல் இருக்க வேண்டும். நான் அதைச் சொல்லவில்லை. உடையை வைத்து வாதம் பண்ணினால் அது வாதமாகவே நிற்கும். பிரேமைத் திறந்து பார்ப்பதே நல்லதென்று பட்டது.

திறந்தபோது

பின்பக்கத்து ஆணிகள் கறள் பிடித்து மரத்தோடு ஒன்றாகியிருந்தன. இப்படிப்பட்ட ஆணியை இழுக்கக் கூடாது, பிரேம் வெடிக்கும். பலகை ஓரமாக மெல்லிய தகட்டை விட்டு, ஆணித் தலையை அராவி எடுத்தேன். ஹாட்போட் பலகைக்கு அடியில், இடைவெளியை நிரப்ப மடித்து வைத்த தமிழ் நாளிதழ்த் தாள் ஒன்று இருந்தது. மேல் விளிம்பில் திகதி: 1958 ஜனவரி.

இந்த மாதிரித் தாளை நிறையப் பேர் எறிந்துவிடுகிறார்கள். எறிய வேண்டாம். பிரேம் கடைக்காரர் கைக்கு எட்டிய பழைய பேப்பரைத்தான் வைப்பார், ஆகவே அது சரியான நாளைச் சொல்லாது. ஆனால் பிரேம் போட்டது அந்தத் திகதிக்கு முன்னால் இல்லை என்பதை உறுதியாகச் சொல்லும். திருகோணமலைக் கடற்படைத் தளத்தை பிரித்தானியர் இலங்கையிடம் ஒப்படைத்தது 1957 ஒக்ரோபர் 15ஆம் திகதி. 1947இல் செய்த பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி சுதந்திரத்துக்குப் பிறகும் தளம் அவர்கள் கையில்தான் இருந்தது. 1956இல் வந்த பண்டாரநாயக்க அரசு அதைத் திருப்பிக் கேட்டு வாங்கியது. பிரேம் அதற்குப் பிந்தியது. அப்போ குடும்பத்தில் வழங்கிவந்த 1957 வெறும் கற்பனை இல்லை.

அடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடி. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நகைக்கடைக் கண்ணாடி போதும். உண்மையான போட்டோவில் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு நிறம் படிப்படியாக மாறும், பெரிதாக்கினாலும் புள்ளி தெரியாது. இதில் ஒரு தொப்பியைப் பார்த்தாலே வரிசை வரிசையாகப் புள்ளிகள். கறுப்பான இடத்தில் பெரிய புள்ளி, வெளிச்சமான இடத்தில் சின்னப் புள்ளி. அச்சகத்தில் அடித்த படம். தாளின் பின்பக்கம் ஒட்டாத இடத்தில் ஆங்கில விளம்பரம் ஒன்றின் பாதி தெரிந்தது. இது யாரோ கமெராவில் எடுத்துக் கழுவிய படமில்லை, ஒரு சஞ்சிகையிலிருந்து கிழித்த பக்கம்.

காசுத்தாள் சோதிக்கும் ஊதா டோர்ச்சும் அடித்துப் பார்த்தேன். 1950களின் நடுப்பகுதியிலிருந்து போட்டோத் தாள்களுக்கு வெண்மை கூட்டும் இரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட தாள் இந்த வெளிச்சத்தில் நீலமாகப் பளிச்சிடும். இந்தத் தாள் மங்கலாகவே கிடந்தது. பளிச்சிட்டால் பிந்தியது என்று துணிந்து சொல்லலாம், மங்கலாய் இருந்தால் அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் இதை ஒரு துணைச் சான்றாக மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஸ்கேன். கண்ணாடியோடு ஒட்டிய தாளை உரிக்கப் போனால் அச்சுப் படலம் கண்ணாடியில் தங்கிவிடும், கையில் வெறும் தாள்தான் மிஞ்சும். ஆகவே கண்ணாடியோடேயே எடுத்தேன். கமெராவின் பின்னால் கறுப்புத் துணி, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு, பிரதிபலிப்பை வெட்ட போலரைசர். கலர் படமாகவே எடுத்து, கணினியில் சிவப்பு அலைவரிசையை மட்டும் தனியே பார்த்தால் மஞ்சள் கறை கிட்டத்தட்ட மறைந்துவிடும். மஞ்சள் நிறம் சிவப்பு ஒளியை விழுங்குவதில்லை, அதுதான் காரணம். கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று நேராகக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் பண்ணுகிறவர்கள் இந்த வசதியை இழந்துவிடுகிறார்கள்.

கறை போனதும் பதாகையில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எழும்பின. மேல்வரியின் முன்பாதி போய்விட்டது, பின்பாதி "ரோ" என்று முடிந்தது. கீழ்வரி "குரூசே" வரை இருந்தது. முன்வரிசையில் ஒருவர் வாயருகே வைத்திருந்தது சுருட்டு என்று நினைத்திருந்தோம், அது மவுத் ஓர்கன். தோளில் கிடந்த விரிப்பு, மழைக்குப் போர்க்கும் நிலவிரிப்பு. தொப்பிக்குக் கீழே இருந்தவை ஐரோப்பிய முகங்கள்.

ஜாரோ

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட பிரித்தானியாவில் வேலையற்றோர் ஊர்வலம் அபூர்வமில்லை. வேலையற்ற தொழிலாளர் தேசிய இயக்கம் பல முறை பசி ஊர்வலம் நடத்தியது. 1932இல் அவர்கள் கொண்டுவந்த மனுவைப் பொலிஸ் பறித்துக்கொண்டது. அந்த ஊர்வலங்களில் பொலிஸோடு கைகலப்பு இருக்கும். இந்தப் படத்தில் ஒழுங்கான வரிசை, வாத்தியம், தோளில் விரிப்பு. அதோடு பதாகையின் மிச்ச எழுத்து "ஜாரோ குரூசேட்" (ஜாரோவின் அறப்போர்) என்ற இரண்டு சொல்லுக்குத்தான் பொருந்தும்.

ஜாரோ, இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆற்றின் தென்கரையில் இருக்கும் சின்ன நகரம். ஊரே பாமர்ஸ் என்ற கப்பல்கட்டும் தளத்தை நம்பி இருந்தது. அந்தத் தளத்தில் கடைசியாக நீரில் இறங்கியது 1932 ஜூலையில் டச்சஸ் என்ற நாசகாரிக் கப்பல். பிறகு ஓடர் இல்லை. இருக்கிற தளங்களை வாங்கி மூடி, போட்டியைக் குறைப்பதற்கென்றே முதலாளிமார் அமைத்த ஒரு கம்பனி 1934இல் பாமர்ஸை வாங்கி இழுத்து மூடியது. நாற்பது வருடத்துக்கு அந்த நிலத்தில் கப்பலே கட்டக்கூடாது என்று நிபந்தனையும் போட்டார்கள். தளம் நட்டப்பட்டு விழுவது ஒன்று, அதை வாங்கிப் பூட்டி, திறக்கக்கூடாது என்று எழுதி வைப்பது இன்னொன்று. ஜாரோக்காரருக்குப் பொறுக்காமல் போனது இரண்டாவது என்றுதான் நினைக்கிறேன்.

1936 ஒக்ரோபர் 5ஆம் திகதி 200 ஆண்கள் லண்டனுக்கு நடக்கத் தொடங்கினார்கள். தூரம் ஏறத்தாழ 450 கிலோமீற்றர். வைத்தியர் சோதித்து, நடக்கத் தெம்பிருந்தவர்களைத்தான் அனுப்பினார்கள். ஓக் மரப் பெட்டி ஒன்றில் 11,000க்கு மேற்பட்டவர்கள் கையெழுத்து வைத்த மனு. ஊருக்கு வேலை வேண்டும் என்பதுதான் கோரிக்கை. கட்சி அரசியல் கலக்கக்கூடாது என்பதில் ஏற்பாட்டாளர் பிடிவாதமாக இருந்தார்கள். ஜாரோவின் பாராளுமன்ற உறுப்பினர் எலன் வில்கின்சன் பல இடங்களில் கூடவே நடந்தார். லெஸ்டர் நகரில் கூட்டுறவுச் சங்கத்துச் சப்பாத்துத் தொழிலாளர்கள் கூலி வாங்காமல் இராமுழுக்க விழித்திருந்து, இவர்களின் தேய்ந்த சப்பாத்துகளைத் தைத்துக் கொடுத்தார்கள். எனக்கு இந்தக் கதை முழுவதிலும் நெஞ்சில் நிற்கும் இடம் அதுதான்.

ஒக்ரோபர் 31ஆம் திகதி மழையோடு லண்டனுக்குள் நுழைந்தார்கள். பிரதமர் போல்ட்வின் சந்திக்க மறுத்தார். நவம்பர் 4ஆம் திகதி மனு பாராளுமன்றத்தில் கொடுக்கப்பட்டது, சில நிமிடத்தில் சபை அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. ஆட்கள் ரயிலில் ஊர் திரும்பினால், நடந்த நாட்களில் அவர்கள் வேலைக்குக் கிடைக்கக்கூடிய நிலையில் இருக்கவில்லை என்று சொல்லி உதவிப் பணத்தை வெட்டியிருந்தார்கள்.

பட்டறைச் சுவர்

சரி, அந்தப் பக்கம் உப்புவெளிக்கு எப்படி வந்தது? தாளைத் திரும்பப் பார்த்தேன். நாலு மூலையிலும் ஊசித் துளைகள், துளையைச் சுற்றிக் கறள் வளையம். பிரேமுக்குள் ஊசி எதுவும் இல்லை. ஆகவே பிரேமுக்குப் போவதற்கு முன் நெடுங்காலம் எங்கேயோ சுவரிலோ பலகையிலோ குத்தியிருந்திருக்கிறது. மேல் விளிம்பில், பிரேம் மரத்துக்கு அடியில் வெளிச்சம் படாத இடத்தில், கிறீஸ் பிடித்த பெருவிரல் ரேகை ஒன்று கோடு கோடாகத் தெளிவாக இருந்தது. வீட்டு விறாந்தையில் அப்படிக் கிறீஸ் வராது.

ரீச்சரைப் பார்க்கப் போனோம். அதுவரைக்கும் குடும்பத்தில் எல்லாரும் அவரிடம் கேட்டது "இதில் எங்கட ஆள் எங்கே?" என்பதுதான். நான் "இது இந்தச் சுவருக்கு வர முதல் எங்கே இருந்தது ரீச்சர்?" என்று கேட்டேன்.

"அப்பா அதில நிக்கிறார் எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லையே" என்றார் ரீச்சர். "அது அப்பா வேலை செய்த பட்டறைச் சுவரில இருந்தது தம்பி. டொக்யாட்டைக் குடுத்த நேரம் அப்பா கழட்டிக் கொண்டு வந்தவர். பிறகுதான் பிரேம் போட்டது. இவங்களுக்கும் இப்பிடித்தான் போச்சு எண்டு சொல்லுவார்."

பேரன் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்போ ஊர்வலம்?" என்றார். "ஊர்வலத்தைப் பற்றி எனக்குச் சொன்னது உன்ர கொப்பன்" என்றார் ரீச்சர். கதை எந்தத் தலைமுறையில் மாறியது என்பது அந்த ஒரு வசனத்தில் வந்துவிட்டது.

தகப்பனார் டொக்யாட்டில் சேர்ந்தது போர்க் காலத்தில். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதையும், 1944 ஓகஸ்டில் வேலியன்ட் என்ற பெரிய போர்க்கப்பலைத் தூக்கி வைத்திருந்த மிதக்கும் டொக் உடைந்து தாழ்ந்ததையும் அவர் வீட்டில் சொல்லியிருக்கிறார். அந்தப் பட்டறைக்கு டைன் ஆறு அந்நியமில்லை. மட்டக்களப்புக் கடலில் இன்றும் கிடக்கிறதே ஹேர்மீஸ், குண்டுவீச்சன்று மூழ்கிய விமானந்தாங்கி, அது கட்டப்பட்டது டைன் கரையில் ஆம்ஸ்ட்ரோங் விட்வேர்த் தளத்தில். 1942இல் பிரித்தானியாவின் கிழக்குக் கடற்படையில் இருந்த ரெசலூஷன் என்ற போர்க்கப்பல் ஜாரோவில் பாமர்ஸே கட்டியது. கடற்படைக் கப்பல் திருத்துகிற இடத்தில், கப்பல் கட்டியவர்கள் தெருவுக்கு வந்த படத்தை ஒருவர் குத்தி வைப்பதில் ஆச்சரியமில்லை. டைன்பக்கத்திலிருந்து வந்த வெள்ளைக்காரப் போர்மன் யாராவது குத்தியிருப்பார் என்பது என் ஊகம். வாசிகசாலைக்கு வந்த பழைய சஞ்சிகையை யாரோ கிழித்தார் என்பது பேரனின் ஊகம். ஊசித் துளை இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

தளம் கைமாறியதும் டொக்யாட்டை நம்பியிருந்த பல குடும்பங்களுக்குப் பிழைப்பு ஆட்டம் கண்டது. ரீச்சரின் தகப்பனாரும் வேலை இழந்து சில காலம் சைக்கிள் திருத்தினார், பிறகு சீனன்குடாப் பக்கம் வேலை கிடைத்தது. அவர் அந்தக் காலத்தில் காசு கொடுத்துப் பிரேம் போட்டது, முன்பின் தெரியாத 200 பேரின் படத்துக்கு. ஒரு பிற்றர் தன் குடும்பப் படத்துக்கே பிரேம் போட யோசித்த காலம் அது. என்னைக் கேட்டால், திருகோணமலை வரலாற்றுக்கு இந்தப் பொருளில் இருக்கும் பெறுமதி அந்தச் செலவில்தான். கடற்படைத் தளத்துக்குள் தொழிலாளி ஒருவன் கமெராவோடு போய்வர முடியாது. தங்களைப் படம் எடுக்க வழியில்லாத ஆட்கள் வேறு யாரோ ஒருவரின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

செய்த வேலை

அசல் பக்கத்தைக் கண்ணாடியிலிருந்து பிரிக்கவில்லை. பூஞ்சணத்தைக் காய்ந்த நிலையில், வெளியே வைத்து, முகக்கவசம் போட்டு மெல்லிய தூரிகையால் தட்டினேன். டெட்டோல் துடைப்பதும் வெயிலில் காயப்போடுவதும் ஊரில் சொல்கிற வைத்தியங்கள். முதலாவது தாளை நனைக்கும், இரண்டாவது மஞ்சளைக் கூட்டும். கண்ணாடி கீழே, தாள் மேலே இருக்கும்படி அமிலமற்ற அட்டைப் பெட்டியில் படுக்க வைத்தேன். நிமிர்த்தி வைத்தால் தாளின் பாரம் ஒட்டிய மூலையில் தொங்கும். நாளிதழ்த் தாள் தனி உறையில் அதே பெட்டியில். ஹாட்போட் பலகையைக் கழித்தாயிற்று, அதுதான் தாளுக்கு அமிலம் ஏற்றிய ஆள்.

பழைய பிரேமுக்குள் இப்போது இருப்பது பிரதி. கொழும்பிலிருந்து எடுத்த பருத்தி அட்டையில் யன்னல் வெட்டி, கண்ணாடிக்கும் தாளுக்கும் இடைவெளி விட்டு வைத்தது. செலோடேப் கிடையாது, மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய தாள் பட்டியும் மாப்பொருள் பசையும். பிரேமின் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினேன், சுவருக்கும் பலகைக்கும் நடுவில் காற்று ஓட. மாட்டியதும் உட்சுவரில், கண் மட்டத்தில்.

படக்குறிப்பு

இங்கேதான் இழுபறி. மலர்க் குழுவில் ஒருவர், படம் இங்கிலாந்துப் படம் என்றால் நமக்கு எதற்கு, எடுத்துவிடுவோம் என்றார். இன்னொருவர் பழைய குறிப்பையே விடலாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். இரண்டாவது ஆள்தான் ஆபத்து. இன்றைக்கு மலரில் வரும் குறிப்பு நாளைக்கு ஒரு மாணவரின் ஒப்படையில் ஆதாரமாகும்.

நான் எழுதிக் கொடுத்தது இது: "1936 ஒக்ரோபரில் இங்கிலாந்தின் ஜாரோ நகரிலிருந்து லண்டனுக்கு நடந்த வேலையற்ற தொழிலாளர்கள். ஆங்கிலச் சஞ்சிகைப் பக்கம். திருகோணமலைக் கடற்படை டொக்யாட்டின் பட்டறைச் சுவரில் இருந்தது. 1957இல் தளம் ஒப்படைக்கப்பட்டபோது பிற்றர் ஒருவர் வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்னர் பிரேம் போட்டார்." பட்டறைச் சுவர் என்பது ரீச்சரின் வாய்மொழி என்பதையும் கடைசியில் சேர்க்கச் சொன்னேன்.

குழு நீளம் என்று சொன்னது. முழுதாகப் போக வேண்டும் என்று நின்றவர் பேரன்தான். பிரேமின் பின்பக்கத்தையும் 1958ஆம் ஆண்டு நாளிதழ்த் தாளோடு படமெடுத்துப் பக்கத்தில் போடச் சொன்னார். அதற்கு இடம் பிடிக்க ஒரு பிரமுகரின் வாழ்த்துச் செய்தியைப் பாதியாக்கினார்கள்.